பதினாலாம் நம்பர் மாமியார்

"காதுக்குப் பின்னால விட்டுட்டே. அங்கதான் அவன் மொதல்ல பாப்பான்."

மருமகள் தூரிகையைக் கிண்ணத்தில் தோய்த்து, அத்தையின் காது மடலை இரண்டு விரலால் மடக்கிப் பிடித்துக்கொண்டாள். மூக்கிலிருந்து காதைச் சுற்றிப் போகும் ஆக்ஸிஜன் குழாயில் படாமல் தலைச்சாயம் பூசுவது, நெரிசலான சந்தில் பேருந்தைப் பின்னால் எடுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"ரெண்டு வருஷம் கழிச்சு வர்றவரு உங்க காதுக்குப் பின்னாலயா அத்தை பாக்கப் போறாரு?"

"பெத்தவளுக்குத் தெரியாதா? சின்னதுல தோள்ல போட்டா அங்கதான் மூஞ்சிய வச்சுத் தேய்ப்பான். நீ பூசு."

காலை எட்டு மணி. விமானம் பதினொன்றே காலுக்கு. குளியலறைக் கதவு வழக்கம்போலத் திறந்தே கிடந்தது. அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு, கண்ணாடியில் தன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உடம்பு மெலிந்து, கழுத்து எலும்பில் ஒரு சோப்பை வைக்கலாம் போலக் குழி விழுந்திருந்தது. குரல் மட்டும் இளைக்கவில்லை.

"அவன் வந்துட்டா இப்படிக் கதவத் தெறந்து போட்டுக் குளிக்க முடியாது. அத நெனச்சாத்தான் எனக்கு வருத்தம்."

"எனக்குந்தான்" என்றாள் மருமகள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகு அது உண்மை என்று தோன்றியதும் குனிந்து தூரிகையைக் கழுவ ஆரம்பித்தாள்.

இதயம் கால்வாசிதான் வேலை செய்கிறது என்று போன மாதம் மருத்துவர் சொன்னார். "மீதி முக்கால்வாசி ரிட்டயர் ஆயிடுச்சு. அதுக்கும் வயசாகுமில்ல" என்று அத்தை அவரைச் சமாதானப்படுத்தினாள். இருபத்திரண்டாம் தேதி வரைக்கும் தாங்குமா என்று மட்டும் கேட்டாள். மருத்துவர் வாக்குக் கொடுக்க மறுத்தார். அப்படியானால் நானே கொடுக்கிறேன் என்று சொல்லி, அவர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். மூச்சு நின்றுபோனால் திரும்பக் கொண்டுவர முயற்சி செய்ய வேண்டாம் என்கிற காகிதம். "போனா போக விடுங்க. என் நெஞ்சு மேல ஏறி யாரும் குதிக்க வேணாம்."

இன்று இருபத்திரண்டு.

மருமகள் பேருந்து ஓட்டுநர். பதினாலாம் எண் தடத்தில் பன்னிரண்டு வருடங்களாக ஓட்டுகிறாள். அத்தை அவளைப் பெண் பார்த்தது அந்தப் பேருந்தில்தான். அப்போது அத்தை ஒரு தங்கும் விடுதியின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தினமும் காலை ஏழு பத்துக்கு ஏறி, ஓட்டுநருக்கு நேர் பின் இருக்கையில் உட்காருவாள். ஒரு வருடம் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒருநாள், சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது, தோளுக்கு மேலாக ஒரு புகைப்படம் நீண்டது.

"எம் பையன். வெல்டர். கப்பல் ரிப்பேர் பண்ற எடத்துல வேல. குடிக்க மாட்டான், கொறட்டை விடுவான். பாக்கறியா?"

"ஓட்டும்போது டிரைவர்கிட்ட பேசக் கூடாதும்மா. போர்டு இருக்கு பாருங்க."

"அது பேசஞ்சருக்கு. நான் பொண்ணு பாக்க வந்திருக்கேன்."

விளக்கு பச்சையாகி, பின்னால் நான்கு வண்டிகள் ஒலி எழுப்பும் வரை அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தேழு வயது, தாய் தகப்பன் இல்லை, அவளிடம் கல்யாணப் பேச்சை எடுக்க யாரும் மிச்சமில்லை என்று நினைத்திருந்தாள். ஒரு வருடமாக எதைப் பார்த்தீர்கள் என்று பின்னால் கேட்டபோது அத்தை சொன்னாள்: "ஓடி வர்றவங்களுக்காக நிறுத்துறியா, கதவ மூடிட்டுப் போறியான்னு பாத்தேன். ஒரு வருஷத்துல ஒருத்தனைத்தான் விட்டுட்டுப் போன. அவன் மொத நாள் உன்னத் திட்டினவன். அது நியாயந்தான்."

அத்தையின் கணவர் உயிரோடு இருந்த காலத்தில் வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்து, பிறகு அத்தையை வரவழைத்தார். அப்போது பெற்றோரோடு குடியேறும் வயது வரம்பை மகன் தாண்டியிருந்தான். அவன் வேறொரு நாட்டுக்கு வேலைக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டான். மாமியாரும் மருமகளும் விமானம் ஏறிப் போய்க் கல்யாணத்தை முடித்துக்கொண்டு பத்தாம் நாள் திரும்பி வந்தார்கள். மருமகள் அத்தையின் வீட்டுக்கே குடிவந்தாள். வந்த வாரமே கணவனை இங்கே அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டாள். ஒரு வருடத்தில் முடிந்துவிடும் என்றார்கள். நான்கு வருடம் ஆயிற்று.

முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. இது உண்மையான திருமணம்தான் என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று கடிதம். இணைத்த நாற்பத்தொரு புகைப்படங்களில் இருபத்தொன்பதில் கணவனுக்கும் மனைவிக்கும் நடுவே ஒரு மூதாட்டி நிற்கிறார் என்பதையும் அதிகாரி மெனக்கெட்டு எண்ணி எழுதியிருந்தார்.

"மூதாட்டியா?" என்றாள் அத்தை. கடிதத்தில் அவளைப் பாதித்தது அந்த ஒரு வார்த்தைதான்.

இரண்டாவது முறை, அந்த மூதாட்டியையே விசாரிக்க வேண்டும் என்று தொலைபேசியில் அழைத்தார்கள். அதிகாரி, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர், இந்தப் பக்கம் அத்தை. ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு மருமகள் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். உங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காகத்தானே இந்தப் பெண்ணை மகனுக்குக் கட்டி வைத்தீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

"அவ காலைல அஞ்சு மணிக்குப் போனா சாயங்காலந்தான் வர்றா. சமைச்சு வைக்கிறது நானு, அவ யூனிபாரத்துக்கு இஸ்திரி போடறது நானு. யாரு யாரப் பாத்துக்கறாங்கன்னு நல்லாக் கேட்டு எழுதிக்கச் சொல்லும்மா."

கணவன் மனைவிக்குள் பாசம் இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

"தெனம் ஒன்னரை மணி நேரம் போன்ல சண்டை. போன வாரம் மூணு நாளா, கட்டில சுவர் ஓரமாப் போடறதா, ஜன்னல் ஓரமாப் போடறதான்னு சண்டை. இன்னும் கட்டிலே வாங்கல. சும்மா பேருக்குக் கட்டிக்கிட்டவங்க இல்லாத கட்டிலுக்கு இப்படி அடிச்சுக்குவாங்களா?"

மொழிபெயர்ப்பாளரிடமிருந்து இருமுவது போல ஒரு சத்தம் கேட்டது. அது இருமல் இல்லை. அதிகாரியின் மொழியில் அவர் அதைச் சொல்லி முடித்தார். கேள்விகள் முடிந்துவிட்டன என்றார் அதிகாரி. ஆறாவது வாரம் அனுமதி வந்தது. அந்தக் கடிதத்தை அத்தை தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கினாள். அதற்குள் அவள் காலில் வீக்கம் ஏறியிருந்தது.

விமான நிலையத்துக்கு அத்தை வர வேண்டாம் என்றுதான் மருமகள் முடிவு செய்திருந்தாள். அத்தை சாயத்தைக் கழுவியதும், கல்யாணத்துக்கு எடுத்த நீலப் புடவையை எடுக்கச் சொன்னாள்.

"டாக்சில உங்களால உக்கார முடியாது அத்தை. மடங்கி உக்காந்தா மூச்சு வாங்கும்."

"யாரு டாக்சியக் கேட்டா? டிரைவர் வீட்டு மாமியார் பஸ்லதான் போவா. உன் மீசைக்காரர் இன்னைக்கு ஏர்போர்ட் லைன்தானே?"

மீசைக்காரர் அவளோடு ஒரே சமயத்தில் பணிமனையில் ஓட்டுநராகச் சேர்ந்தவர். அத்தை அவரிடம் ஏற்கெனவே பேசி முடித்திருந்தாள் என்பது, ஒன்பதரை மணிக்கு அவர் நிறுத்தத்தில் சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை இறக்கி வைத்துவிட்டு, வாசலிலேயே நின்று வணக்கம் சொன்னபோதுதான் தெரிந்தது. நாற்காலியைப் பட்டையால் இறுக்கிக் கட்டி, சின்ன சிலிண்டரை அத்தையின் மடியில் வைத்தார்.

"வெயில் கண்ணுல படுதாம்மா? திரையப் போடவா?"

"படட்டும். பவுடர் போட்டிருக்கேன், நாலு பேர் பாக்கட்டும்."

விமான நிலையத்தில் ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. ஒவ்வொரு முறையும் மருமகள் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தாள். நான்கு வருடத்தில் அவள் கணவனோடு சேர்ந்து இருந்த நாட்கள் நாற்பதுகூட இருக்காது. அவன் குரல் தெரியும். கோபத்தில் எந்த வார்த்தையை இரண்டு தடவை சொல்வான் என்று தெரியும். பல் விளக்கிவிட்டுப் பேஸ்ட்டை மூடி வைப்பானா என்று தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தையைப் பற்றியோ, தூக்கத்தில் எந்தப் பக்கம் திரும்பினால் இருமுவாள் என்பது வரைக்கும் தெரியும்.

அவன் வந்தான். அவள் நினைவில் வைத்திருந்ததைவிட அரை அங்குலம் குள்ளமாக இருந்தான். பெட்டியில் மடித்து வைத்த கோடு சட்டையில் அப்படியே நின்றது. கைகளில் வெல்டிங் பொறி பட்ட சின்னச் சின்னப் புள்ளிகள். அம்மாவைச் சக்கர நாற்காலியில் பார்த்ததும் அவன் முகம் கோணத் தொடங்கியது. பெட்டிகளை விட்டுவிட்டு அவளை நோக்கி ஓடி வந்தான்.

அத்தை போக்குவரத்துக் காவலர் மாதிரி கையை உயர்த்தினாள்.

"நில்லுடா அங்கேயே. மொதல்ல அவகிட்ட போ. எவனாவது ஆபீசர் பாத்துட்டிருந்தா, மறுபடி கிழவிதான் நடுவுலன்னு எழுதிடுவான்."

அவன் நின்றான். திரும்பினான். மனைவிக்கு முன்னால் வந்து, என்ன செய்வது என்று தெரியாமல், வலது கையை நீட்டினான்.

"என்னடா, டிக்கெட் வாங்கற மாதிரி கைய நீட்டுற?"

பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவர்கள்கூடச் சிரித்தார்கள். மொழி புரிந்து சிரித்தார்களா என்று தெரியவில்லை. அவன் அவளைக் கட்டிக்கொண்டான். அவன் சட்டையில் விமானத்துக் கம்பளி வாசனை. "வந்துட்டேன்" என்றான், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஏதோ தகவல் சொல்வது போல. "தெரியுது" என்றாள் அவள்.

பிறகுதான் அம்மாவிடம் போய் மண்டியிட்டான். அத்தை சொன்னது சரி. நேராகக் காதுக்குப் பின்னால் போய் முகத்தை வைத்துக்கொண்டான். ரொம்ப நேரம் முகத்தை எடுக்கவில்லை. எடுத்தபோது மூக்கு நுனியில் கறுப்பாக ஒட்டியிருந்தது.

"அம்மா, தலைக்கு என்ன பண்ணியிருக்க?"

"ஏன், நல்லா இல்லையா?"

"காதெல்லாம் கறுப்பு."

"உன் பொண்டாட்டி பூசினது. பஸ் ஓட்டறவ கைல பிரஷ்ஷக் குடுத்தா ரோட்டுக்குக் கோடு போடற மாதிரிதான் போடுவா."

திரும்பும்போதும் மீசைக்காரர் வண்டிதான். மதிய நேரம், பத்துப் பேர்கூட இல்லை. அத்தையின் நாற்காலியை ஜன்னல் ஓரமாகக் கட்டினார்கள். மகன் பக்கத்து மடக்கு இருக்கையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மருமகள் எதிரே உட்கார்ந்தாள். வண்டியில் பயணியாக உட்கார்வது அவளுக்கு எப்போதும் பழகாத விஷயம். வளைவுகளில் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

அவன் வாணலிக் கதையை ஆரம்பித்தான். கடைசி நாளன்று கப்பல் பட்டறைக் கூட்டாளிகள் சேர்ந்து, பழைய கப்பல் தகட்டை வெட்டி, அவனுக்கு ஒரு வாணலி செய்து கொடுத்தார்கள். எட்டு கிலோ. அதைத் துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தான். இங்கே சுங்கச் சோதனையில் இயந்திரம் கூவியது.

"பெட்டியத் தெறந்து பாக்கறான். ஒத்தக் கையால தூக்கறான், முடியல. ரெண்டு கையாலயும் தூக்கி மேசை மேல வச்சிட்டு, 'இது என்ன ஆயுதம்?'ங்கறான்."

அத்தை சிரித்தாள். சத்தம் வரவில்லை, தோள் குலுங்கியது, கண் இடுங்கியது. தலையை ஜன்னல் பக்கம் சாய்த்துக்கொண்டாள். வெயில் அவள் கன்னத்துப் பவுடரில் விழுந்தது.

"நான் சொல்றேன், ஆயுதம் இல்ல சார், சமையல் பாத்திரம்னு. அவன் நம்பல. இன்னொருத்தரக் கூப்பிடறான். அவரும் வந்து தட்டிப் பாக்கறாரு, மணி மாதிரி அடிக்குது..."

எதிரே இருந்த மருமகள்தான் முதலில் கவனித்தாள். மகனின் கைக்குள் இருந்த விரல்கள் பிடியை விட்டிருந்தன. வண்டி ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியபோது அத்தையின் தலை அதோடு சேர்ந்து ஏறி இறங்கியது. எப்போதும் கழுத்தை விறைத்து, "பாத்து ஓட்டுங்கப்பா" என்பாள். சிரிப்பு உதட்டில் அப்படியே இருந்தது. மடியில் சிலிண்டர் மட்டும் மெல்லச் சீறிக்கொண்டு தன் வேலையைச் செய்தது.

மருமகள் எழுந்திருக்கப் போனாள். எழவில்லை. கையெழுத்துப் போட்ட காகிதம் நினைவுக்கு வந்தது. அதைவிட, அவன் முகம். மூக்கில் கறுப்போடு, பத்து வயதுப் பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவிடம் சொல்வதைப் போல அவன் சொல்லிக்கொண்டிருந்தான். இந்த ஒரு கதையையாவது அவன் முழுதாகச் சொல்லி முடிக்கட்டும் என்று நினைத்தாள்.

நூலக நிறுத்தம் போயிற்று. சந்தை நிறுத்தம் போயிற்று. ஒரு பெண் குழந்தை வண்டியோடு ஏறினாள். மீசைக்காரர் அவள் உட்காரும் வரை காத்திருந்து கிளம்பினார்.

"...கடைசில அந்தப் பெரிய ஆபீசர் என்ன சொன்னாரு தெரியுமாம்மா? 'சரி, போ. எங்க வீட்டுக்கும் இந்த மாதிரி ஒண்ணு செஞ்சு குடுப்பியா?'ன்னாரு!"

அவன் தானே சிரித்தான். சிரித்துக்கொண்டே திரும்பி அம்மாவைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

"தூங்கிட்டாங்களா?"

அவள் இருக்கையை விட்டு வந்து, அவன் காலடியில், ஆடும் வண்டியின் தரையில் உட்கார்ந்தாள். அவன் முழங்கால் மேல் கையை வைத்தாள். அவன் அம்மாவின் கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தான், எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தான்.

அவள் நிமிர்ந்தபோது முன்னால் இருந்த பெரிய கண்ணாடியில் மீசைக்காரரின் கண்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் கண்ணாடியில் பார்த்தால் போதும், ஓட்டுநர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்த நிறுத்தத்தில், கொஞ்சம்கூடக் குலுங்காமல், அவர் வண்டியை ஓரம் கட்டி இயந்திரத்தை அணைத்தார்.

சேதி எப்படிப் பரவியது என்று தெரியவில்லை. இரண்டாம் நாள் முற்பகலில் இறுதிச் சடங்கு. மருமகள் முப்பது நாற்காலிகள் போதும் என்று சொல்லியிருந்தாள். பத்து மணிக்கே ஆட்கள் சுவர் ஓரமாக நிற்க ஆரம்பித்தார்கள். பதினாலாம் எண் தடத்தின் காலை ஏழு பத்துக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். எந்த நிறுத்தத்தில் ஏறுவார்களோ அதே வரிசையில் அவளுக்கு முகங்கள் நினைவுக்கு வந்தன. பணிமனையிலிருந்து ஒன்பது பேர் சீருடையோடு வந்தார்கள். நீச்சல் குளத்துப் பெண்கள் ஆறு பேர், ஈரத் தலையோடு, நேராகக் குளத்திலிருந்தே வந்திருந்தார்கள்.

"எங்கம்மாவுக்கு நீச்சல் தெரியுமா?" என்று அவன் மனைவியின் காதில் கேட்டான்.

"தெரியாது. தண்ணில இடுப்பளவு நின்னுட்டுப் பேசுவாங்க. உடம்புக்கு முடியாமப் போற வரைக்கும் வாரம் ரெண்டு நாள்."

"என்ன பேசுவாங்க?"

"உங்களப் பத்தித்தான். பாதிக்கு மேல பொய்."

ஒவ்வொருவராக வந்து அவன் கையைப் பிடித்தார்கள். அவனைப் பார்க்காமலே எல்லோருக்கும் அவனைத் தெரிந்திருந்தது. சந்தையில் காய்கறிக் கடை வைத்திருப்பவர், "நீதானே ஆறு வயசுல சேவல் தொரத்தினதுக்குப் பயந்து கிணத்துக்குள்ள எறங்கினவன்?" என்று விசாரித்தார். சலவைப் பிரிவில் கூட வேலை பார்த்த பெண், "உன் கல்யாணப் படம் எங்கள்ல ஆளுக்கு ஒண்ணு வச்சிருக்கோம்ப்பா. வேணாம்னாலும் உங்கம்மா விடல" என்றாள். அவன் முதலில் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான். சேவல் கதையில் சிரித்துவிட்டான். சிரித்தது தப்போ என்று திரும்பிப் பார்த்தான். கூடத்தில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நீச்சல் குளத்துப் பெண்களில் ஒருத்தி சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள். அதன் பிறகு அவன் எதையும் அடக்கவில்லை. சிரிப்பும் அழுகையும் எது எது என்று பிரிக்க முடியாதபடி வந்தது. மருமகள் அவனுக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்களை அவனுக்கு அறிமுகம் செய்துகொண்டே இருந்தாள். "இவங்க ஆஸ்பத்திரி ஸ்டாப். இவரு ரெண்டாவது பாலம்." அவளுக்கு அழ நேரம் கிடைக்கவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தார்கள். ஜன்னல்களைத் திறந்துவிட்டு அவள் சோபாவில் உட்கார்ந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாடகைக்கு எடுத்த ஆக்ஸிஜன் இயந்திரத்தைக் காலையிலேயே வந்து கொண்டுபோய்விட்டார்கள். அது இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுப்பாகச் சதுரமாகத் தெரிந்தது. இந்த வீட்டில் இவ்வளவு சத்தமில்லாமல் ஒரு மத்தியானத்தை அவள் கேட்டதில்லை.

"டீ போடட்டுமா?" என்றான் அவன்.

"ம்."

அவன் சமையலறைக்குள் போனான். தண்ணீர் பிடிக்கும் சத்தம். அடுப்புப் பற்றிக்கொள்ளும் சத்தம். பிறகு ஒரு அலமாரிக் கதவு திறந்து மூடியது. இன்னொன்று திறந்தது. தட்டுகள் லேசாக உரசிக்கொண்டன. அதுவும் மூடியது. அவள் கண்களில் நீர் தானாக இறங்கத் தொடங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை.

"சக்கரை எங்க வச்சிருக்க?" என்று உள்ளிருந்து கேட்டான்.

வீட்டில் மறுபடி ஓர் ஆள் நடமாடும் சத்தம்; அவனே தேடட்டும் என்று விட்டுவிட்டாள். சோபாவில் தலையைச் சாய்த்துக்கொண்டு, மூன்றாவது கதவு திறக்கும் சத்தத்தைக் கேட்டாள். பிறகு நான்காவது.